தேத்தண்ணி குடிச்சு முடியக் கறுப்புப் பெட்டி

பரந்தனில இருந்து பூநகரிப் பக்கம் போற ரோட்டில ஒரு சின்னப் பால் சேகரிக்கிற இடம் இருக்கு. பேர் வேண்டாம். காலமை 5.30க்கே சைக்கிளிலயும் மோட்டச்சைக்கிளிலயும் கான் கட்டிக்கொண்டு ஆக்கள் வரத் தொடங்கிடுவினம், பாலை அளந்து, கொழுப்புப் பார்த்து, ஆருக்கு எத்தினை லீற்றர் என்ன விலை எண்டு பதிஞ்சு துண்டு குடுக்கோணும். அந்தப் பதியிற வேலைக்கு ஒரு அப் எழுதிக் குடுத்தது நான்தான். பெரிய விண்ணாணம் ஒண்டும் இல்லை, ஒரு படிவம், ஒரு பட்டியல், மாசக் கடைசியில ஒரு றிப்போட். எழுதினது ரெண்டு கிழமையில. அது ஒவ்வொரு நாளும் தானா எழும்பிறதுக்கு நான் பட்ட பாடுதான் வருசக் கணக்கு, அந்தக் கதையைத்தான் இண்டைக்கு எழுதப் போறன்.

அங்க ரெண்டு பழைய கொம்பியூட்டர். ஆரோ குடுத்தது. வெள்ளைப் பெட்டியில டேற்றாபேஸ், அதாவது போஸ்ற்கிரெஸ். கறுப்புப் பெட்டியில என்ர அப். ஏன் ரெண்டு பெட்டி, ஒண்டில போட்டிருக்கலாமே எண்டு கேப்பியள். வெள்ளைப் பெட்டியில 4 ஜிபி ராம், ஆனா டிஸ்க் பழைய சுத்திற டிஸ்க். கறுப்புப் பெட்டியில புது எஸ்எஸ்டி, ராம் 2 ஜிபிதான். ரெண்டும் நொண்டி, ரெண்டையும் சேர்த்தா ஒரு ஆள் எண்ட கணக்கு.

அங்க பதியிற வேலை பாக்கிறவ ஒரு அக்கா. கொம்பியூட்டர் படிச்சவ இல்லை, ஆனா எல்லாத்தையும் சி.ஆர் கொப்பியில எழுதி வைக்கிற ஆள். முதல் பக்கத்தில அவ எழுதி வைச்சிருந்தது இவ்வளவுதான்:

1. வெள்ளைப் பெட்டி ஓன்.
2. தேத்தண்ணி.
3. தேத்தண்ணி குடிச்சு முடியக் கறுப்புப் பெட்டி ஓன்.
4. வராட்டித் தம்பிக்குப் போன்.

நான் அதைப் பாத்துச் சிரிச்சனான். சிரிச்சிருக்கக் கூடாது, ஆனா சிரிச்சனான்.

பிறகு 2022 வந்துது. அந்த வருசப் பங்குனிக் கடைசியில நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் இருந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அங்க இருந்த யூபிஎஸ்சின்ர பற்றரி அதுக்கு முதலே செத்துப்போச்சு, புதுசு வாங்கிற விலையில அந்த நேரம் ஒரு கண்டுக்குட்டி வாங்கலாம் போல இருந்துது. கரண்ட் எப்ப வரும் எப்ப போகும் எண்டு தெரியாது, அக்கா ஒவ்வொருக்காவும் ஓடி ஓடிச் சுவிச் போட ஏலாது. சரியெண்டு நான் போய் ரெண்டு பெட்டியிலயும் பயோசுக்குள்ள பூந்து, கரண்ட் வந்தா நீயே எழும்பு எண்டு மாத்திவிட்டன். கறுப்புப் பெட்டியில அப் தானா ஓடுறதுக்கு ஒரு சேர்விஸ் பைலும் எழுதினன், பத்து வரி. வீட்டை வரேக்க எனக்கு நல்ல புளுகம். இனி எனக்குப் போன் வராது எண்டு.

அடுத்த நாள் காலமை 5.40க்குப் போன்.

"தம்பி, ரெண்டு பெட்டியும் லைற் எரியுது, ஆனா உம்மட சாமான் வரேல்லை. பதினாறு பேர் கானோட நிக்கினம்."

நான் பாயில இருந்தபடியே போனில சொல்லிச் சொல்லி அவவைக் கொண்டு ஒரு கட்டளையை அடிப்பிச்சன், உடன வந்திட்டுது. அடுத்த நாளும் இதே. அதுக்கு அடுத்த நாளும். நான் கட்டளை குடுத்தா வருது, தானா எழும்பச் சொன்னா எழும்புதில்லை. மூண்டாம் நாள் நானே போய் லொக்கை, அதாவது நடந்ததையெல்லாம் பெட்டி தானா எழுதி வைக்கிற குறிப்பை, எடுத்துப் பாத்தாத்தான் விளங்கிச்சுது. கறுப்புப் பெட்டி எஸ்எஸ்டி எண்டபடியால் இருபது செக்கனில எழும்பி அப்பை ஓட்டத் தொடங்கிடுது. வெள்ளைப் பெட்டி இடையில கரண்ட் போய்ப் பொத்தெண்டு விழுந்தது, அது எழும்பி டிஸ்க்கைச் சரிபாத்து, பிறகு போஸ்ற்கிரெஸ் தான் அரைகுறையா விட்டதையெல்லாம் தன்ர குறிப்பில இருந்து திருப்பிச் செய்து முடிக்க ஒண்டரை நிமிசத்துக்கு மேல. அப் வந்து கதவைத் தட்டுது, ஆளில்லை, செத்துப்போகுது. நான் பைலில செத்தா திருப்பி எழுப்பு எண்டு போட்டிருந்தனான், அதால திருப்பி எழுப்புது, திருப்பிச் சாகுது. அந்த சேர்விஸ் பைலை வாசிச்சு அப்பை எழுப்பிற ஆள் சிஸ்ரம்-டி. அதுக்கு நீங்க ஒண்டும் சொல்லாட்டி, ஒருக்கா செத்ததுக்கும் அடுத்த முயற்சிக்கும் இடையில அது விடுற நேரம் 100 மில்லி செக்கன். பத்து செக்கனுக்குள்ள அஞ்சு தரம் விழுந்தா, இது உருப்படாத சாமான் எண்டு கைவிட்டிடும். அதுவும் நாங்க சொல்லாட்டி அது தானா வைச்சிருக்கிற கணக்குத்தான். ஆக என்ர அப் அஞ்சு தரம் தட்டி, அஞ்சு தரமும் செத்து, வெள்ளைப் பெட்டி கண் முழிக்கிறதுக்கு ஒரு நிமிசத்துக்கு முன்னமே எல்லாம் முடிஞ்சுது.

நான் கெட்டித்தனமா எல்லாத்தையும் தானியங்கி ஆக்கினதில தேத்தண்ணியைத் தூக்கி எறிஞ்சுபோட்டன். அக்காவின்ர நாலு வரியில இருந்த ரெண்டாவது வரி என்ர பத்து வரியில இல்லை.

இதை வாசிக்கிற எல்லாரும் கொம்பியூட்டர்காரர் இல்லை எண்டபடியால் அந்த சேர்விஸ் பைல் என்னெண்டு கொஞ்சம் சொல்லோணும். ஒரு அப் எண்டது கோட் மட்டும் இல்லைத்தானே, அதை எந்த ஆளின்ர பேரில ஓட்டிறது, எந்த ஃபோல்டரில நிண்டு ஓட்டிறது, என்ன கட்டளையில தொடங்கிறது, எவ்வளவு ராம் தின்னலாம், ஆர் எழும்பினாப் பிறகு எழும்போணும், விழுந்தா என்ன செய்யிறது, இதெல்லாம் கோட்டுக்கு வெளியில ஒரு இடத்தில எழுதி இருக்கோணும். லினக்ஸில இப்ப கூடுதலாப் பாவிக்கிறது சிஸ்ரம்-டி, 2010இல லெனார்ட் பொட்டரிங்கும் கே சீவர்சும் தொடங்கினது. அதுக்கு எழுதிற சேர்விஸ் பைலில மூண்டு பகுதி: யூனிட், சேர்விஸ், இன்ஸ்ரோல். சாதாரண எழுத்து பைல், நோட்பாட்டில திறந்து வாசிக்கலாம். அதுக்கு முதல் இருந்த முறையில ஸ்கிரிப்ற் பைலின்ர பேரிலயே நம்பர் போட்டு வைப்பினம், 10 முதல் எழும்பும், 20 பிறகு எழும்பும், வரிசையில ஒவ்வொண்டா. அக்காவின்ர கொப்பி மாதிரித்தான். சிஸ்ரம்-டி வந்து அதை மாத்திச்சுது, நீங்க சொல்லாட்டி எல்லாரையும் ஒரே நேரத்தில எழுப்பும். அதாலதான் வேகம். அதாலதான் என்னை மாதிரி ஆக்கள் அடி வாங்கிறதும்.

வரிசை வேணுமெண்டா நீங்க எழுதோணும். ஆஃப்டர் எண்டு ஒரு வரி, இன்னார் எழும்பினாப் பிறகு நான். ரெக்குவயர்ஸ் எண்டு இன்னொரு வரி, இன்னார் எனக்குக் கட்டாயம் வேணும். கனபேர், நானும்தான், ரெண்டாவதைப் போட்டா முதலாவதும் சேர்ந்து வந்திடும் எண்டு நினைக்கிறது. வராது. ரெக்குவயர்ஸ் மட்டும் போட்டா, அவரும் வேணும் எண்டு ரெண்டு பேரையும் ஒண்டா எழுப்பிவிடும், ஆர் முந்தி எண்டு பாக்காது. ஆஃப்டர் மட்டும் போட்டா, ரெண்டு பேரும் எழும்பிறதெண்டா அவர் முந்தி நான் பிந்தி, ஆனா அவரை எழுப்ப வேணுமெண்டு ஒரு கட்டாயமும் இல்லை. எங்கட கலியாண வீட்டில மாப்பிளைத் தோழன் வேணும் எண்டது ஒரு கதை, மாப்பிளைக்கு முன்னால அவர் நடக்கோணும் எண்டது வேற கதை, ரெண்டையும் தனித்தனியச் சொன்னாத்தான் நடக்கும்.

என்ர பிரச்சினைக்கு இது ரெண்டும் உதவேல்லை எண்டதுதான் பகிடி. ஏனெண்டா டேற்றாபேஸ் இருக்கிறது மற்றப் பெட்டியில. கறுப்புப் பெட்டியின்ர சிஸ்ரம்-டிக்கு வெள்ளைப் பெட்டி எண்டு ஒண்டு உலகத்தில இருக்கெண்டே தெரியாது. நெற்வேர்க் எழும்பினாப் பிறகு எண்டு போடலாம், அதிலயும் ரெண்டு விதம் இருக்கு, நெற்வேர்க் ராகெற் (network.target) எண்டு போட்டா நெற்வேர்க் வேலையள் தொடங்கியாச்சு எண்ட அளவுதான், உண்மையா லைன் கிடைச்சிட்டுதோ எண்டு பாக்கிறதுக்கு நெற்வேர்க் ஒன்லைன் ராகெற் எண்டு வேறயா போடோணும்.

இதை நான் அப்பாவுக்குச் சொன்னன். அப்பா இரணைமடுக் குளத்துக்குக் கீழ வயல் செய்யிற ஆள். கொம்பியூட்டர் ஒண்டும் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்திட்டு, "துருசு திறந்தாச்சு எண்டு சொன்னா கடைசி வயல்காரன் மண்வெட்டியோட ஓடிப்போய் நிப்பானோடா? தண்ணி வாய்க்காலால வந்து சேரப் பொழுதுபட்டுப் போகும். வந்துதோ எண்டு போய்ப் பாத்திட்டெல்லோ வரம்பை வெட்டிறது" எண்டார்.

தொடங்கியாச்சு எண்டது வேற, வந்து சேர்ந்திட்டுது எண்டது வேற. கொன்பிக் பைல், அதாவது இப்பிடிச் செற்றிங்ஸ் பைல், எழுதிற முக்கால்வாசிப் பேர் சறுக்கிறது இந்த இடத்திலதான். அப்புகளைத் தனித்தனிக் கொன்ரெயினரில, பெட்டிக்குள்ள சின்னப் பெட்டி மாதிரி, அடைச்சு ஓட்டிறது டொக்கர், கன கொன்ரெயினரை ஒண்டா எழுப்பிறது டொக்கர் கொம்போஸ். அதைப் பாவிக்கிற ஆக்களுக்கும் இதே வருத்தம் இருக்கு. அதில டிப்பென்ட்ஸ் ஒன் எண்டு டேற்றாபேசின்ர பேரைச் சும்மா போட்டா, டேற்றாபேஸ் கொன்ரெயினர் ஸ்ரார்ட் ஆகிற மட்டும்தான் அது பாத்துக்கொண்டு நிக்கும், கதைக்க ஆயத்தமோ எண்டு கேக்காது. கேக்கோணுமெண்டா ஹெல்த் செக் எண்டு ஒண்டு எழுதி, போஸ்ற்கிரெசோடயே வாற பிஜி-இஸ்ரெடி கட்டளையை அதில குடுத்து, ஹெல்தி ஆனாப் பிறகு எண்டு விரிவா எழுதோணும். அதிலயும் ஒரு கண்ணி இருக்கு. அந்த வரிசை கொம்போஸ் கட்டளையால எழுப்பினா மட்டும்தான். கரண்ட் போய் வந்து டொக்கர் தானா பழைய கொன்ரெயினர்களை எழுப்பிற நேரத்தில இந்த வரிசையைப் பாக்கிறதே இல்லை. கரண்ட் போகாத ஊரில இருந்து எழுதினவைக்கு இது பெரிய விசயமாத் தெரிஞ்சிருக்காது போல.

குளத்துக் கதை வந்ததால இன்னொண்டும் சொல்லவேணும். இரணைமடு கனகராயன் ஆத்துத் தண்ணியில நிரம்பிற குளம், வடக்கில பெரிய குளம் அதுதான். காலபோகத்துக்கு 20,000 ஏக்கருக்கு மேல விதைப்பினம், மழையும் சேர்ந்து வாறதால பறவாயில்லை. சிறுபோகத்துக்கு அப்பிடி ஏலாது. மழை முடிஞ்ச பிறகு குளத்தில எத்தினை அடி தண்ணி நிக்குது எண்டு பாத்து, கூட்டம் வைச்சு, இந்த முறை இவ்வளவு ஏக்கர்தான் எண்டு முடிவெடுத்து, ஆருக்கு எவ்வளவு பங்கு, முதல் தண்ணி திறக்கிற திகதி, விதைப்புக்குக் கடைசித் திகதி, மாடு கட்டிற திகதி, தண்ணி நிப்பாட்டிற திகதி எல்லாம் எழுதி வைப்பினம். அந்தக் கூட்டத்தில சண்டை வராத வருசம் இல்லை. ஆனா அந்தப் பேப்பர் இல்லாட்டி என்ன நடக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும், தலைப்பில இருக்கிறவன் குடிச்சு முடிப்பான், கடைக்கோடியில கதிர் பதராப் போகும்.

என்ர அப் ஒருக்காத் தலைப்பு வயல்காரன் வேலை பாத்தது. மாசக் கடைசி றிப்போட் எடுக்கேக்க முழு வருசத்துப் பதிவையும் ஒரேயடியா ராமுக்குள்ள இழுக்கிற மாதிரி எழுதி வைச்சிருந்தனான், சோம்பல்தான் காரணம். 2 ஜிபி பெட்டி திணறி, தூர இருந்து எஸ்எஸ்எச்சில உள்ளுக்குப் போகவும் ஏலாமல், கடைசியில லினக்ஸின்ர மையமான கேர்னல் தானே ஒரு ஆளைப் பிடிச்சு வெட்டிச்சுது. ராம் முடிஞ்சா கேர்னல் அப்பிடித்தான், கூடத் தின்னுற ஆளாப் பாத்து உடன செத்துப்போ எண்ட 9 ஆம் நம்பர் சிக்னலைக் குடுக்கும், வாக்குவாதம் இல்லை. டொக்கரில 137 எண்டு செத்துக் கிடந்தா இதைத்தான் முதல் யோசிக்கோணும், சிக்னலால செத்தா 128ஓட அந்த நம்பரைக் கூட்டிக் காட்டும், 128ஓட 9ஐக் கூட்டினா 137. பிறகு சேர்விஸ் பைலில மெமரி மக்ஸ் எண்டு 700 எம்பி வெட்டிவிட்டன். இப்ப கூடத் திண்டா தான் மட்டும் செத்து எழும்பும், பெட்டியை இழுத்து விழுத்தாது. றிப்போட்டையும் திருத்தினனான், அது வேற கதை.

அப்பாவிட்ட இருந்து களவெடுத்த இன்னொரு யோசனை மண்ணெண்ணெய் மோட்டச்சைக்கிள். 90களில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில வன்னியில பெற்றோல் காணக் கிடையாது, கிடைச்சாலும் போத்தில் விலை கேட்டா மயக்கம் வரும். அப்பாவின்ர எம்டி 90 மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஆனா குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெய்க்கு எழும்பாது. ஒரு சின்னப் போத்திலில கொஞ்சப் பெற்றோல் வைச்சிருந்து, அதைக் காபரேற்றருக்குச் சொட்டு விட்டு உதைச்சு எழுப்பி, சூடு பிடிச்சாப் பிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாத்திறது. அந்தச் சொட்டு ஓடுறதுக்கு இல்லை, எழும்பிறதுக்கு மட்டும். சேர்விஸ் பைலில எக்செக் ஸ்ரார்ட் பிறீ எண்டு ஒரு வரி இருக்கு, அதுதான் இந்தப் பெற்றோல் போத்தில். முக்கியமான கட்டளைக்கு முதல் ஓடி முடியோணும், அது சறுக்கினா மிச்சம் தொடங்காது. அதில நான் சின்ன ஸ்கிரிப்ற் ஒண்டு போட்டன், வெள்ளைப் பெட்டி கதைக்குதோ எண்டு ஒருக்காக் கேட்டுப் பாக்கிறது, அவ்வளவுதான். கேட்டு இல்லையெண்டா விழும். விழுந்தா 20 செக்கன் பொறுத்துத் திருப்பி எழும்பு எண்டு ரீஸ்ரார்ட் செக்=20. இருபது செக்கனுக்கு ஒருக்கா விழுந்தா பத்து செக்கனுக்குள்ள அஞ்சு தரம் எண்ட கணக்கு ஒருநாளும் வராது, அதால கைவிடாது, வெள்ளைப் பெட்டி வரும்வரைக்கும் தட்டிக்கொண்டே இருக்கும். தேத்தண்ணியைத் திருப்பிக் கொண்டுவந்தாச்சு.

திருத்திப்போட்டு டேமன் ரீலோட், அதாவது பைலைத் திருப்பி வாசி எண்டு சிஸ்ரம்-டிக்குச் சொல்லுற கட்டளை, குடுக்க மறந்து, பழைய பைலே ஓடிக்கொண்டிருக்க நான் ஒரு மணித்தியாலம் தலையைச் சொறிஞ்சதைப் பற்றி எழுதேல்லை. எல்லாருக்கும் நடக்கிறதுதான்.

யாமிலைப் பற்றிக் கொஞ்சம் திட்டாமல் விட ஏலாது. சேர்விஸ் பைல் ஒரு பக்கம், என்ர அப்புக்குள்ள போற செற்றிங்ஸ் எல்லாம் யாமில் (YAML) எண்ட எழுத்து முறையில இருந்தது. 2001இல வந்த சாமான், பாக்க வடிவு, இடைவெளியாலயே எல்லாம் பிரியும், ராப் (Tab) மட்டும் அடிச்சா ஏற்காது. சரி, அது பழகலாம். ஆனா அது எங்கட இடத்து நம்பர்களுக்கு எண்டே கண்ணி வைச்ச மாதிரி இருக்கு. கிளிநொச்சிக்குப் போன் கோட் 021. அதை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினன், பைதன் எண்ட நிரல் மொழி அதை எடுத்து 17 எண்டு காட்டுது. முன்னால 0 வந்தா பழைய யாமில் விதிப்படி அது எட்டின் அடிமான எண், ரெண்டு எட்டும் ஒண்டும் பதினேழு. மன்னார் 023 பத்தொன்பது, வவுனியா 024 இருபது. துண்டில "தொ.பே. 17" எண்டு அடிச்சு வந்தாப் பிறகுதான் கண்டது. பிறகு பால் எடுக்கத் தொடங்கிற நேரம் எண்டு 5:30 போட்டன், அது 330 ஆப்போச்சு, அறுபதின் அடிமானமாம், அஞ்சு அறுபதும் முப்பதும். 2009இல வந்த 1.2 பதிப்பில இதையெல்லாம் எடுத்திட்டினம், ஆனா யாமிலை வாசிக்க பைதனில எல்லாரும் பாவிக்கிற பைசாமில் இன்னும் பழைய விதியிலதான் நிக்குது. இப்ப எனக்கு ஒரு வியாதி, எதைக் கண்டாலும் மேற்கோள் குறிக்குள்ள போட்டிடுவன்.

நேரம் எண்டதும் ஞாபகம் வருது. கொன்பிக்கில நேர வலயத்துக்கு ஏசியா/கொழும்பு எண்டு ஒரு வரி போடுறம்தானே, அதுக்குப் பின்னால இருக்கிற தரவில 1996இல அரசாங்கம் மணிக்கூட்டைத் தள்ளினது, பிறகு அரை மணித்தியாலம் குறைச்சது, 2006 சித்திரையில பழையபடி 5.30க்குத் திரும்பினது எல்லாம் இருக்கு. ஆனா அந்தக் காலம் புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில நாங்கள் பழைய நேரத்திலதான் இருந்தனாங்கள். எல்லையில இருந்த ஓமந்தை தாண்டினா மணிக்கூட்டை அரை மணித்தியாலம் மாத்தோணும். 1998இல மல்லாவியில பிறந்த ஒராளின்ர பிறந்த நேரத்தை கொழும்பு வலயத்தில போட்டுக் கணக்குப் பாத்தா அரை மணித்தியாலம் பிசகும். பால் கணக்குக்கு இதால ஒண்டும் இல்லை, சாத்திரிமார்தான் கவலைப்படோணும். ஆனா ஒரு வரியில எழுதினா எல்லாம் அடங்கிடும் எண்டு நினைக்கிற நேரமெல்லாம் எனக்கு இந்த அரை மணித்தியாலம் ஞாபகம் வரும்.

பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வரி: அதைச் சேர்விஸ் பைலில எழுதாதேங்கோ, அந்த பைலை அந்தப் பெட்டியில இருக்கிற எவரும் வாசிக்கலாம். வேற பைலில வைச்சு, வாசிக்கிற உரிமையை இறுக்கி, என்விரோன்மென்ற் பைல் எண்டு காட்டிவிடுங்கோ. அக்கா அதையும் சி.ஆர் கொப்பியில எழுதி வைச்சிருக்கிறா எண்டது வேற விசயம்.

இப்பிடி ரெண்டு வருசத்துக்கு மேல ஒழுங்கா ஓடினது. போன் வரேல்லை. பிறகு அறிவியல் நகர்க் கம்பசில படிக்கிற ஒரு பெடியன் லீவில உதவிக்கு வந்தவன், கெட்டிக்காரன், பைலைத் திறந்து பாத்து, "அண்ணை, இது ஏன் 20? ஆரும் சும்மா போட்டதோ? குறைச்சு விடவோ?" எண்டு கேட்டான். கேட்டபடியால் தப்பிச்சம். எனக்கு அப்பதான் உறைச்சுது, அந்த 20க்குப் பின்னால இருக்கிற கதை எனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும், பைலில ஒரு சொல்லும் இல்லை. உடனயே இருந்து, நல்ல மனசோட, அதே வரியில இருபதுக்குப் பக்கத்தில குறிப்புக்குப் போடுற ஒரு ஹாஷ் (#) அடிச்சு "தேத்தண்ணி நேரம், குறைக்காதேங்கோ" எண்டு எழுதிவிட்டன். டேமன் ரீலோட்டும் மறக்காமல் குடுத்தன்.

2025 மாசி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின் நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடு முழுக்க இருண்ட நாள். கரண்ட் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில போன்.

"தம்பி, பழையபடி. ரெண்டு பெட்டியும் லைற் எரியுது."

லொக்கில ஒரேயொரு வரி எச்சரிக்கை. ரீஸ்ரார்ட் செக்குக்குக் குடுத்த பெறுமதி விளங்கேல்லை, விட்டிட்டுப் போறன் எண்டு. சிஸ்ரம்-டி பைலில குறிப்பு எழுதிறதெண்டா தனி வரியில எழுதோணும். பக்கத்தில எழுதினா அதையும் பெறுமதியோட சேர்த்து வாசிக்கும், "20 # தேத்தண்ணி நேரம், குறைக்காதேங்கோ" எண்டதை எத்தினை செக்கன் எண்டு அதால கணக்குப் பாக்க ஏலாது, அதால முழு வரியையும் தள்ளிவிட்டுப் பழைய 100 மில்லி செக்கனுக்குப் போயிட்டுது. குறைக்காதேங்கோ எண்டு நான் எழுதினதுதான் குறைச்சது.

அக்காவுக்கு இதை விளங்கப்படுத்தினன். பகிடி விளங்கிச்சுதோ தெரியேல்லை, "அப்ப மேல் வரியில எழுதும்" எண்டு மட்டும் சொன்னா. மேல் வரியில எழுதிவிட்டன். அவ கொப்பியை எடுத்து நாலாவது வரிக்கு, தம்பிக்குப் போன் எண்டதுக்குக் கீழ, கோடு ஒண்டு இழுத்திட்டு வெளியில போனா, பின்னேரப் பால்காரர் வரத் தொடங்கிட்டினம்.